மூன்று மாதச் சராசரி

குந்தவையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அன்று காலை ஏழு மணிக்கே பழைய சோறு வந்துவிட்டது.

ஒரு மண் கிண்ணம். அதில் நீராகாரத்தோடு சோறு, மேலே கொஞ்சம் மோர், ஓரத்தில் உரித்த சின்ன வெங்காயம் நாலு. கிண்ணத்துக்குப் பின்னால் மாமனார் பஞ்சநதத்தின் முகம் பாதி தெரிந்தது. அந்தப் பாதியிலும் சிரிப்பு. படத்துக்குக் கீழே, 'குடலுக்கு நல்ல பாக்டீரியா. மாமாவுக்கு இனி தினமும் காலையில் இதுதான்' என்று எழுதி, ஒரு பச்சை இலையையும் ஒட்டியிருந்தாள்.

ஜெயபாரதி அடுப்பில் பாலை வைத்ததையே மறந்துவிட்டாள். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. துடைக்கத் துணியை எடுக்காமல், மறுபடியும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து இருபது வருஷம் அவள் அந்த மனிதருக்குப் பழைய சோறு பிழிந்து வைத்தவள். யாரும் அதைப் படம் எடுக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது, இதே குந்தவைதான் தஞ்சாவூரிலிருந்து போன் போட்டு, "அக்கா, பழைய சோறு சுத்த மாவுச்சத்து. தயவுசெஞ்சு நிறுத்திடுங்க. நீங்க பாசத்துல குடுக்கறீங்க, அது அவருக்கு விஷம்" என்றாள். பாசத்தில் விஷம் என்ற அந்த வார்த்தை ஒரு வாரம் ஜெயபாரதியின் தொண்டையில் முள்ளாக நின்றது. மறுநாளே நிறுத்தினாள். இப்போது அந்த விஷம் ஊர் சுற்றிவிட்டு, பாக்டீரியா என்று பேர் மாற்றிக்கொண்டு, ஓரகத்தியின் மண் கிண்ணத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வயிறு எரிந்தது. அடுப்பு அணைந்திருந்தும் எரிந்தது.

*

ஆற்றில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் வாய்க்கால்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். ஐந்து நாள் இந்த வாய்க்கால், ஐந்து நாள் அந்த வாய்க்கால். மாமியார் தர்மாம்பாள் காலமான பிறகு பஞ்சநதத்துக்கும் அப்படி ஒரு முறை வந்துவிட்டது. மன்னார்குடிக்குத் தெற்கே கிராமத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவன் சூர்யபிரகாஷ் வீட்டில் ஒரு மாதம். தஞ்சாவூரில் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் சின்னவன் சதீஷ் வீட்டில் ஒரு மாதம்.

பெரியவர்களை ஒருத்தர் தலையில் ஒருத்தர் தள்ளிவிடுகிற வீடுகளைத்தான் ஊர் பார்த்திருக்கிறது. இந்த வீட்டில் கதை தலைகீழ். இரண்டு மருமகள்களும் அவரைத் தத்தம் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மாதக் கடைசியில் அவரை அழைத்துப்போகக் கார் வந்தால், "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டுமே" என்று வாசலில் நின்று மல்லுக்கட்டுவார்கள்.

ஜெயபாரதிக்கு அதற்குக் காரணம் உண்டு. வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. அவள் கணவன் நல்லவன்தான், ஆனால் சாப்பிடும்போது போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான். இலையில் வைத்தது அவரைக்காயா கொத்தவரங்காயா என்று எழுந்த பிறகு கேட்டால் தெரியாது. மகள் எழில்மொழி திருச்சியில் விடுதியில் இருந்து படிக்கிறாள். அந்த வீட்டில் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற ஒரே வாய் மாமாவுடையது. "புளி புதுசா மாத்தியிருக்கியா?" என்பார். "இந்தக் கத்திரிக்கா கொல்லையில பறிச்சதா, கடையில வாங்குனதா?" என்பார். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் அவள் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, மனைவியிடம், "தருமு, நாளைக்கும் இந்தக் கையே வைக்கட்டும்" என்றார். அந்த ஒரு வரியை ஜெயபாரதி பெட்டியில் வைத்த நகை மாதிரி இருபத்திரண்டு வருஷமாக எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அப்படிப்பட்டவர் தஞ்சாவூரிலிருந்து திரும்பி வந்து கைகழுவிக்கொண்டே, "குந்தவை அந்தக் கேவுரு அடையில முருங்கக்கீர போட்டிருந்தா. நல்லாத்தான் இருந்துச்சு" என்றால், அன்று முழுதும் அவளுக்கு வேலை ஓடாது.

குந்தவை தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் கட்டம் போட்டு எழுதுவாள். அவள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் மாமாவின் சாப்பாட்டுக்கு ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். மாதம் ஒருமுறை அது மாறும். முதலில் கோதுமை. பிறகு கோதுமை கூடாது, சிறுதானியம். பிறகு சிறுதானியம் தைராய்டுக்கு ஆகாது என்று ஒரு வீடியோ. மாவே வேண்டாம், முட்டையும் நெய்யும் போதும். அந்த நெய் இறங்குவதற்குள், எண்ணெயே படாத காய்கறி.

ஜெயபாரதி மட்டும் என்ன வாழ்ந்தாள்? அவளுக்கு அட்டவணை இல்லை, போன் இருந்தது. தேங்காய் கொழுப்பு என்று வீடியோவில் ஒருவர் சொன்னதும் கூட்டில் தேங்காயை நிறுத்தினாள். வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் குடிக்கச் சொல்லி இன்னொருவர் வந்தார். வாழைப்பழம் ஆகாது என்றார்கள். செவ்வாழை ஆகும் என்றார்கள். ஆகும், ஆனால் காயாக இருக்க வேண்டும் என்றார்கள். எல்லோருமே வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள், எல்லோருமே கடைசியில் பெல் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். யாரை நம்புவது? குந்தவை எதைச் செய்கிறாளோ அதற்கு எதிராகச் சொல்பவரை நம்புவது என்று, தனக்கே தெரியாமல் அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள்.

இப்படி ஒரு மாதம் நெய்யும் ஒரு மாதம் பாகற்காயுமாகப் போனதில், ஆனி மாதம் எடுத்த பரிசோதனையில் மாமாவின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஒன்பதைத் தாண்டிவிட்டது. தஞ்சாவூர் டாக்டர், "வீட்ல என்ன சாப்பிடறார்?" என்று கேட்டார். இரண்டு மருமகள்களும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். இரண்டு பதிலும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஏதாவது ஒரு இடத்தில் ஒரே மாதிரிச் சாப்பிடட்டும், மாதா மாதம் மாற்றினால் உடம்பு யார் பேச்சைக் கேட்கும் என்றார்.

யோசனை சொன்னவள் குந்தவைதான். அந்த ரத்தப் பரிசோதனை மூன்று மாதக் கணக்கைச் சொல்லும். ஒரு மாதம் இங்கே, ஒரு மாதம் அங்கே என்றால் குற்றம் யாருடையது, பெருமை யாருடையது என்று பிரிக்க முடியாது. ஆகவே முழுசாக மூன்று மாதம் தஞ்சாவூர், அப்புறம் முழுசாக மூன்று மாதம் கிராமம். எங்கே எண் குறைகிறதோ அங்கேயே மாமா நிரந்தரமாக இருக்கட்டும். அண்ணன் தம்பி இரண்டு பேரும் நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். பஞ்சநதத்தை யாரும் கேட்கவில்லை. அவர் அப்போது டாக்டர் மேஜையில் இருந்த பிளாஸ்டிக் ஆப்பிளைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய சோற்றுப் படம் வந்தது அந்த முதல் மூன்று மாதத்தில், ஆவணியில்.

புரட்டாசிக் கடைசியில் தஞ்சாவூர்க் கணக்கு வந்தது. ஏழு புள்ளி இரண்டு. குடும்பக் குழுவில் குந்தவை அதைப் போட்டாள். சதீஷ் கைதட்டும் படம் போட்டான். சூர்யபிரகாஷும், மனைவியின் முகத்தைப் பார்க்காமல், ஒரு கைதட்டல் போட்டான். அன்றைக்கு அவனுக்கு ராத்திரிச் சாப்பாட்டில் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. அவன் அதையும் கவனிக்கவில்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

*

ஐப்பசி முதல் தேதி மாமா வந்து இறங்கினார். கொஞ்சம் இளைத்திருந்தார். ஜெயபாரதிக்கு ஒரு பக்கம் மனசு அடித்துக்கொண்டது. இன்னொரு பக்கம், இளைக்க வைத்தவள் கையில் ஏழு புள்ளி இரண்டு இருக்கிறதே என்று அரித்தது.

ஏழுக்குக் கீழே போக வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்குக் குறி.

முதலில் வீட்டில் சர்க்கரையை ஒழித்தாள். டப்பாவைக் கழுவி வெந்தயம் போட்டாள். வெல்லம் போயிற்று. ரேஷனில் வந்த சர்க்கரையைத் தெருக்கோடியில் இருக்கும் செவ்வந்திக்குக் கொடுத்துவிட்டாள். செவ்வந்தி வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை பார்த்து நோட்டில் எழுதுகிற சுகாதாரப் பணியாளர். வயதில் சின்னவள், பேச்சில் பெரியவள். "அக்கா, சர்க்கரை வியாதிக்காரர் அவரு ஒருத்தர்தான். வீட்டையே ஏன் பத்தியத்துல போடறீங்க?" என்று கேட்டாள். ஜெயபாரதி சிரித்து மழுப்பினாள்.

சம்பா கதிர் வாங்கிய வயல்கள் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் பச்சையாக நின்றன. வீட்டுக்குள் சோறு, இட்லி வார்க்கிற சின்னக் கரண்டியால் ஒரு கரண்டி. அதையும் கார்த்திகையில் பாதியாக்கினாள். காலையில் பாகற்காய்ச் சாறு. பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டால் எண் விழுந்தடித்துக் குறையும் என்று ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் சொன்னார். நேற்றுவரை மூன்று வேளை தவறாமல் சாப்பிடச் சொன்னவரும் அவரேதான். மார்கழியில் அதையும் ஆரம்பித்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு மாமா கடைசி வாய் சாப்பிட்டால், மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் அடுத்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை மட்டும் வழக்கம்போலக் காலை ஏழு மணிக்கு.

பஞ்சநதம் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டார். எழுந்து கைகழுவினார். மார்கழி பத்து தேதி வாக்கில்தான் ஜெயபாரதிக்கு ஒன்று உறைத்தது. அவர் சாப்பாட்டைப் பற்றிப் பேசி எத்தனை நாளாயிற்று? புளியைப் பற்றி இல்லை, கத்திரிக்காயைப் பற்றி இல்லை. ஆவியில் வெந்த புடலங்காயைப் பற்றி என்னதான் சொல்வார் பாவம்.

'பொங்கலுக்கு முன்னாடி டெஸ்ட் எடுத்துடலாம். அப்பறம் எல்லாம் வச்சுக் குடுக்கலாம்' என்று அவள் தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். அங்கே மட்டும் என்ன, குந்தவையின் வேகவைத்த புரோக்கோலியைப் பற்றியா பேசியிருப்பார்? பேசியிருப்பாரோ என்று அடுத்த நிமிஷமே சந்தேகம் வந்தது.

*

மார்கழி பதினெட்டாம் தேதி காலை ஒன்பதரை இருக்கும். வெயில் ஏறியும் பனியின் சில்லிப்பு போகவில்லை. சூர்யபிரகாஷ் உர மூட்டைக்கு மன்னார்குடி போயிருந்தான். ஜெயபாரதி கொல்லைப்புறம் போனபோது, மாமா துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். பனியன் முதுகோடு ஒட்டி ஈரமாக இருந்தது. குளித்துவிட்டாரா என்று நினைத்தாள். கிட்டப் போனால் வேர்வை. மார்கழிக் குளிரில் மனிதர் தொப்பலாக வேர்த்திருந்தார். கை வெடவெடவென்று ஆடியது.

"மாமா, என்ன பண்ணுது?"

அவர் அவளைப் பார்த்தார். பார்த்த பார்வையில் அவள் இல்லை. "தருமு, மடையை அடச்சாச்சா?" என்றார்.

ஜெயபாரதி அவர் தோளைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். செவ்வந்திக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் காதில் வாங்கியதுமே, "சுகர் தாழ்ந்துபோச்சுக்கா. மொதல்ல வாயில ரெண்டு ஸ்பூன் சர்க்கரையப் போடுங்க. நான் வந்துட்டே இருக்கேன்" என்றாள் செவ்வந்தி.

சர்க்கரை.

சமையலறைக்கு ஓடினாள். சர்க்கரை டப்பாவில் வெந்தயம். வெல்ல ஜாடியில் கொள்ளு. தேன் கலப்படம் என்று யாரோ சொன்னதால் அதையும் வாங்குவதில்லை. பழக்கூடையில் எலுமிச்சம்பழம். உள் அறையில் மூட்டை மூட்டையாகக் குறுவை நெல் அடுக்கியிருக்கிறது. ஒரு மனிதருக்கு வாயில் போட ஒரு துளி இனிப்பு இல்லை. தட்டுகள் உருண்டன. அவள் அழுதுகொண்டே திரும்பி ஓடி வந்தாள்.

மாமா வலது கையைத் தூக்க முயன்றுகொண்டிருந்தார். கொடியில் தொங்கிய தன் சட்டையைக் காட்டி, "பை... பை" என்றார். சட்டைப் பையில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஆரஞ்சு மிட்டாய், ஆறு. இரண்டை எடுத்து அவர் வாயில் திணித்து, தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். "சப்புங்க மாமா, சப்புங்க." அவர் குழந்தை மாதிரிச் சப்பினார். புரை ஏறாமல் இருக்க, அவர் தலையை நிமிர்த்திப் பிடித்தாள். இன்னும் இரண்டு கொடுத்தாள்.

செவ்வந்தி ஸ்கூட்டியில் வந்து விரலில் குத்திப் பார்த்தாள். ஐம்பத்து நாலு. "மிட்டாய் குடுத்ததுக்கு அப்பறமே இவ்வளவுதான்னா, முன்னாடி என்ன இருந்திருக்கும்?" என்றவள், அவளே அடுப்பில் இருந்த கஞ்சியைக் கரைத்து எடுத்து வந்தாள். கால் மணி நேரத்தில் தொண்ணூறு. வேர்வை அடங்கியது. மாமா, "ஜெயா, ஏம்மா அழுவறே?" என்று கேட்டார். அதற்கு அவள் இன்னும் அழுதாள்.

மாத்திரையைப் போட்டுக்கொண்டு பத்து மணிவரை பட்டினி கிடக்க எந்த டாக்டர் சொன்னார் என்று செவ்வந்தி கேட்டாள். அவள் நோட்டை எடுத்தபோது ஜெயபாரதி, "அத எழுதணுமாம்மா?" என்றாள் மெதுவாக.

"எழுதாம எப்படிக்கா?" என்று செவ்வந்தி எழுதினாள்.

அவள் போன பிறகுதான் ஜெயபாரதி அந்த டப்பாவைச் சரியாகப் பார்த்தாள். மூடியின் உட்பக்கம் மடித்து ஒட்டிய ஒரு சீட்டு. கரும்பலகையில் எழுதுகிற மாதிரிக் குண்டு குண்டான கையெழுத்து. 'கை நடுக்கம், வேர்வை, தலைசுற்றல் வந்தால் மூன்று மிட்டாய். பிறகு உடனே சாப்பாடு.' அதற்குக் கீழே இரண்டு போன் எண்கள். ஒன்று, ஜெயா அக்கா. இரண்டு, குந்தவை.

ஒரு உயிரைக் காப்பாற்றிய டப்பா அது. கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் மனசு என்கிற கழுதை எப்போது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது? 'இதுலயும் அவ முந்திக்கிட்டாளே' என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. தன் வீட்டுக் கொல்லையில், தன் கையால், குந்தவை கொடுத்த மிட்டாயை மாமா வாயில் போட்டிருக்கிறாள். தன் பெயரை முதலில் எழுதியிருந்ததுகூட அவளுக்குத் தோல்வி மாதிரிதான் பட்டது. இவள் ஏன் இவ்வளவு நல்லவளாக இருந்து தொலைக்கிறாள்?

"இத எப்ப குடுத்தா மாமா?"

"கிளம்பறப்ப" என்றார் பஞ்சநதம். மேலே ஏதோ சொல்ல வந்தவர், வாயை மூடிக்கொண்டார்.

*

அன்றோடு பட்டினியும் பாகற்காயும் நின்றன. ஆனால் மூன்று மாதக் கணக்கில் மிச்சம் இருந்தது பத்து நாள்தான். பொங்கலுக்கு முதல் நாள் மன்னார்குடியில் ரத்தம் கொடுத்தார்கள். சாயங்காலம் சூர்யபிரகாஷ் காகிதத்தோடு வந்தான்.

ஆறு புள்ளி நாலு.

"ஜெயிச்சுட்ட" என்றான் அவன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் அவளைப் பார்த்து இப்படிச் சிரித்து ஒரு வார்த்தை சொன்னதைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். குடும்பக் குழுவில் போடப் போனை எடுத்தவனை, "இருங்க, நானே சொல்லிக்கிறேன்" என்று தடுத்தாள்.

இரண்டு மணி நேரம் அவள் அந்த எண்ணை இடுப்பில் சொருகிய சாவி மாதிரி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். ஆறு புள்ளி நாலு. குந்தவையைவிட முழுசாகப் புள்ளி எட்டு. மாமா இனி இங்கேதான். மாதக் கடைசியில் கார் வராது. குந்தவையின் ஸ்டேட்டஸில் இனிமேல் வெறும் கிண்ணம்தான் இருக்கும், பின்னால் அந்தப் பாதி முகம் இருக்காது. நினைக்க நினைக்கச் சர்க்கரைப் பொங்கல் மாதிரி இனித்தது.

ஆனால் ஜெயித்த எண்ணைக் காப்பாற்ற வேண்டாமா? அடுத்த மூன்று மாதமும் ஆறு புள்ளி நாலு வர வேண்டுமென்றால், அதே அரைக் கரண்டிச் சோறு. அதே காய்ந்த வயிறு. துவைக்கிற கல்லில் மறுபடி ஒருநாள் அவர் உட்கார்ந்து, தருமுவிடம் மடையை அடைக்கச் சொல்வார். டப்பாவில் இரண்டு மிட்டாய்தான் பாக்கி. அன்றைக்கு அவள் வீட்டில் இல்லாவிட்டால்?

அவள் போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

"குந்தவை, ரிசல்ட் வந்துடுச்சு. ஆறு புள்ளி நாலு."

"நல்லதுக்கா. சந்தோஷம்" என்று குரல் வந்தது. அழித்த கரும்பலகை மாதிரி ஒரு குரல். ஒரு நிமிஷத்துக்கு முன்னால்வரை ஜெயபாரதி கேட்க ஏங்கிய குரல் அதுதான். கேட்டபோது அவ்வளவு நன்றாக இல்லை.

"மிட்டாய் டப்பாவுல ரெண்டுதான் இருக்கு" என்றாள்.

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"எப்பக்கா?"

"பத்து நாளாச்சு. காலையில. அம்பத்தி நாலு. வீட்ல ஒரு பொட்டு சர்க்கரை கெடையாது. உன் டப்பா இல்லன்னா..."

"இங்க நாப்பத்தொம்போது" என்றாள் குந்தவை.

ஜெயபாரதி காதிலிருந்து போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள்.

குந்தவை கொட்டிவிட்டாள். புரட்டாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளியலறையில். சதீஷ் வெளியூர் போயிருந்தான். மாமா தாழ்ப்பாள் போடாமல் இருந்ததால் தப்பித்தது. பழைய சோறு ஸ்டேட்டஸில்தான் தினமும் வந்ததாம். வீட்டில் இரண்டே வாரம்தான், அதற்குள் அட்டவணை மாறிவிட்டது. மாமாவிடம், "அக்காகிட்ட சொல்லிடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாளாம்.

"சொன்னா என்னைப் பத்தி என்ன நெனைப்பீங்களோன்னு பயம்கா. அதவிட, அவர உங்ககிட்ட விட்டுட்டா அப்பறம் இந்தப் பக்கமே வர மாட்டாரோன்னு பயம். இங்க நான் எதைச் செஞ்சு வச்சாலும், 'ஜெயா வச்சா வேற மாதிரி இருக்கும்'னுதான் சொல்லுவாரு. கேட்டுக் கேட்டு எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

"என்ன சொல்லுவாரு?"

"அதான், ஜெயா வச்சா வேற மாதிரி இருக்கும்னு."

"எதுக்குச் சொன்னாரு? எந்தக் கொழம்புக்கு?"

"அக்கா, ரெண்டு தடவை சொல்லிட்டேன்" என்றாள் குந்தவை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ஜெயபாரதிக்குத் தன்னைப் பற்றியே அது தெரியவில்லை. கேவுரு அடையைப் பற்றி மாமா இங்கே வந்து சொன்னதைச் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். சொல்லவில்லை. அவ்வளவு பெரிய மனசு அவளுக்கு அன்று இல்லை. பிறகு ஒருநாள் பார்த்துக்கொள்ளலாம்.

*

பொங்கல் கழிந்து எல்லோருமாக டாக்டரிடம் போனார்கள். இரண்டு மருமகள்களும் இந்த முறை ஒருவர் பேசும்போது மற்றவர் பேசாமல், சர்க்கரை தாழ்ந்த கதைகளை ஒளிக்காமல் சொன்னார்கள். டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். எழுபத்து மூன்று வயசுக்காரருக்கு ஆறு புள்ளி நாலு பரிசில்லை என்றார்; ஏழு ஏழரை இருந்தாலே போதும், ஆனால் சர்க்கரை தாழ்ந்து விழக் கூடாது. மூன்று வேளையும் சாப்பிட வேண்டும், சோறு அளவாக, காய் நிறைய. ஒரே ஒரு தாளில் எழுதி, அதை இரண்டு நகல் எடுக்கச் சொன்னார்.

"சார், நீங்களும் அப்பறம் மாத்திடுவீங்களா?" என்று ஜெயபாரதி கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் மரியாதைக் குறைவோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மாத்தலாம்மா. அவர் உடம்பைப் பாத்துட்டு மாத்துவேன். அவரைப் பாக்காம மாத்தறவங்க பேச்சைத்தான் கேக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

அங்கிருந்து சதீஷ் வீட்டுக்கு வந்தார்கள். ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை இருந்த இடத்தில் டேப்பின் பசை மட்டும் நாலு மூலையில் தெரிந்தது. சாப்பிட்டு முடித்ததும், மிச்சமிருந்த கேள்வியைச் சதீஷ் எடுத்தான். எண் கணக்கு ஒன்றுக்கும் உதவாது என்று ஆகிவிட்டது. அப்பா எங்கே இருப்பது?

"அவரையே கேளுங்களேன்" என்றாள் குந்தவை. ஜெயபாரதியும் தலையாட்டினாள். தலை ஆடியதே தவிர, நெஞ்சு பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி அடித்துக்கொண்டது. குந்தவை புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சநதம் யாரையும் பார்க்காமல் வெற்றிலையைத் துடைத்தார். காம்பைக் கிள்ளினார்.

"எனக்கு வெள்ளாம நேரத்துல வயலப் பாக்கணும்" என்றார். "ஆடியிலேர்ந்து தை முடிய அங்க இருக்கேன். மாசி பொறந்துட்டா அங்க என்ன இருக்கு, காஞ்ச தரைதான். வெயிலு வேற. மாசியிலேர்ந்து ஆனி முடிய இங்க வந்துடறேன்."

சூர்யபிரகாஷ் சரி என்றான். சதீஷும் சரி என்றான். கணக்கு டீச்சர் மட்டும் விரலை மடக்கி எண்ணினாள்.

"ஏழு மாசம் அங்க. அஞ்சு மாசம் இங்க" என்றாள். "எனக்கு ரெண்டு மாசம் கம்மி மாமா."

ஜெயபாரதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகத்தை அந்த நேரம் யாருக்கும் காட்ட முடியாது. ஏழு. அவர் வாயாலேயே ஏழு. மாசி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, இன்றைக்கே அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு போகலாம். ஜன்னலுக்கு வெளியே தெருவில் ஒரு தள்ளுவண்டிக்காரன் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டு போனான். பழத்தைப் பார்த்ததும், அவளும் ஏதோ நினைவில் விரலை மடக்க ஆரம்பித்தாள். மாசி. பங்குனி. சித்திரை. வைகாசி. ஆனி.

சித்திரை, வைகாசி, ஆனி.

அவள் மெல்லத் திரும்பினாள். டாக்டர் கொடுத்த தாளில், பழங்கள் என்று இருந்த இடத்தில், 'மாம்பழம், வாரம் இரண்டு துண்டு' என்று எழுதியிருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

"மாமா, மாம்பழ மாசம் பூரா இங்கல்ல வருது?"

"அப்படியா?" என்றார் பஞ்சநதம், வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டே. "நான் வெயில நெனச்சுல்ல சொன்னேன்."

குந்தவையின் முகம் மலர்ந்ததை ஜெயபாரதி பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். சாயங்காலம் மன்னார்குடி பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிப்போனார். அவர் தலை கம்பியில் இடிக்காமல் கையை அணை கொடுத்துக்கொண்டு, ஏழு மாதம் பெரிசா, மூன்று மாத மாம்பழம் பெரிசா என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். பஸ் மன்னார்குடி ஸ்டாண்டுக்குள் திரும்பும்வரை விடை வரவில்லை.